அட்டப்பாடிச் சுரத்தில் ஏர் எடுத்த நாள்

கிளட்ச் பெடல் கீழே போனது. திரும்ப மேலே வரவில்லை.

மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கு ஏறும் மலைப்பாதையை இங்கே சுரம் என்பார்கள். பாதிச் சுரம் ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவு முடியும் இடத்தில் கியர் மாற்றுவதற்காக இவர் பெடலை மிதித்தார். அது தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. உள்ளே பற்கள் நறநறவென்று உரசிக்கொண்டன, ஜீப் உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு நின்றுபோனது. இவர் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி ஓடினார். சாலையோரம் கிடந்த ஒரு பாறைத் துண்டை உருட்டிக்கொண்டுவந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. பெயர் காதர். பாலக்காட்டில் மார்க்கெட்டை ஒட்டி வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பழைய வாசகர்களுக்கு அவரைப் பற்றி நான் தேவைக்கு மேலேயே சொல்லியிருக்கிறேன் என்று அவரே குறைப்பட்டுக்கொள்கிறார்.

எஞ்சின் அணைந்ததும் காடு சத்தமில்லாமல் இருந்தது. எங்கோ கீழே ஓடை ஓடுவது மட்டும் கேட்டது. சூடான ரப்பர் வாசனையும் ஈர மண் வாசனையும் ஒன்றாக வந்தன. மழை பிடிக்கப் போகிற வானம்.

அன்று விடிவதற்கு முன்னால் மலைக்கு மேலே அகளியில் என் அண்ணன் சுலைமான் மௌத்தாகியிருந்தார். நெஞ்சை என்னவோ செய்கிறது என்று எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். மதினி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

வாசல் வரைக்கும்தான்

எங்களில் பெண்கள் அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்ப்பார்கள். பிறகு முகத்தை மூடி, சந்தூக்கு என்கிற தூக்குப் பெட்டியில் வைத்து ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலில் பள்ளிவாசலில் தொழுகை, அப்புறம் அடக்கம். தாமதமாக வருகிற ஆண் பள்ளிவாசலுக்கு ஓடலாம், அங்கேயும் தவறவிட்டால் கபருக்கு ஓடி மண்ணாவது போடலாம். பெண்ணுக்கு வீட்டு வாசல் வரைக்கும்தான் நேரம்.

காலையில் அண்ணன் மகன் அன்வர் போனில் சொன்னது இதுதான். "லுஹருக்கு எடுக்கலாம்னு சொன்னாங்க அத்தை. நீங்க வரணும்னு அம்மா அஸர் வரைக்கும் கேட்டு வாங்கியிருக்காங்க. குழி தோண்டியாச்சு. மழை வந்துட்டா குழியில தண்ணி நின்னுக்கும். அதுக்கு மேல நிறுத்த முடியாதுங்க."

லுஹர் மத்தியானத் தொழுகை, அஸர் சாயங்காலத் தொழுகை. நான் சரி என்றேன். அப்போது மணி எட்டு கூட ஆகவில்லை. பாலக்காட்டிலிருந்து அகளி என்ன அமெரிக்காவா, மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஹர்த்தால்

அன்று ஹர்த்தால். எதற்காக, யார் அழைத்தது என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. கேரளத்தில் இருக்கிறவர்களுக்கு அது மழை மாதிரி, வரும், போகும். பஸ் கிடையாது, டாக்சி கிடையாது, டீக்கடைகூடப் பாதி ஷட்டர்தான். தெரிந்த டாக்சிக்காரர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தோம். கண்ணாடியில் கல் விழுந்தால் யார் கொடுப்பது என்று ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் மறுத்தார்கள்.

கடைசியில் எங்கள் பழைய ஜீப்பையே எடுத்தோம். கறுப்புத் துணி கிழித்துக் கண்ணாடியில் கட்டினோம். ஒரு வெள்ளைத் தாளில் "மரண வீடு" என்று மலையாளத்தில் எழுதி முன் கண்ணாடியில் ஒட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்து, அந்த இரண்டு சொல்லை நானே எழுதியிருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை.

வழியில் மூன்று இடத்தில் தடுத்தார்கள். பையன்கள்தான். தாளைப் படித்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து வழி விட்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் சாலைக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதை இழுத்துப் போட ஆள் வந்து சேர வெகுநேரம் ஆகிவிட்டது. மண்ணார்க்காட்டைத் தாண்டும்போதே லுஹர் முடிந்திருந்தது.

இப்போது பாதிச் சுரத்தில் நிற்கிறோம். கைநீட்டி ஏறிக்கொள்ள ஒரு பஸ் இல்லை, ஒரு லாரி இல்லை. மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் குழந்தை. அவர் நிறுத்தி, ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, மேலே வண்டியே ஓடவில்லை என்று மலையாளத்தில் சொன்னார். வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. எங்களுக்காக வருத்தப்பட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அரை டின் மாப்பிள்ளை

இந்த இடத்தில் எங்கள் வீட்டு டின்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

இவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மூடி திறந்த டின்னை எந்தக் காரணத்துக்காகவும் விற்கமாட்டார். சரக்கு இறக்கும்போது மூடி நெளிந்தது, யாரோ தவறிப்போய்த் திறந்தது, பாதி வாங்கிக்கொண்டு பாதி வேண்டாம் என்று போனவர் விட்டுச் சென்றது, எல்லாம் தனியாக ஓர் அலமாரிக்குப் போகும். அந்த அலமாரி சரக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு. எங்கள் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஜன்னல் கம்பிக்கு லாரிக்கு அடிக்கிற பெயிண்ட். தையல் மெஷினுக்கு என்ன எண்ணெய் விட்டார் என்று நான் கேட்டதே இல்லை, கேட்டால் தைக்க மனசு வராது.

ஜீப்பும் அப்படித்தான். அதில் ஓடுகிற எண்ணெய் எல்லாம் அலமாரி எண்ணெய்.

அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் வீட்டுக்கு வந்தால் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். "பாப்பா, போன தடவை இந்தக் கதவு பச்சையா இருந்துச்சே," என்பார். இவருக்கு அரை டின் மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவர்தான். இவர் முகத்துக்கு நேராகவே சொல்லுவார். இவரும் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொள்வார்.

எனக்கு ஐம்பது தாண்டிய பிறகும் அண்ணன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். எங்கள் அத்தா சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அண்ணன், என் நிக்காஹ்வுக்குப் பொறுப்பாக நின்றதும் அண்ணன். அப்புறம்தான் அவர் பிழைப்புத் தேடி மலையேறி, அகளிச் சந்தைப் பக்கம் ஒரு மளிகைக் கடை போட்டார். அங்கே அடிக்கிற காற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். துவரை அறுவடை முடிந்ததும் யார் கையிலாவது ஒரு பை கொடுத்தனுப்புவார். அந்தப் பருப்பு வேகும்போது வருகிற வாசனையைக் கடைப் பருப்பில் நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் வரும். பேச ஒன்றும் இருக்காது. "என்ன குழம்பு?" என்று கேட்பார், சொல்வேன், வைத்துவிடுவார்.

போன வெள்ளிக்கிழமை கேட்டதற்கு முருங்கைக்காய் என்று சொல்லியிருந்தேன். சுரத்தில் உட்கார்ந்திருந்தபோது அது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நன்றாக ஏதாவது பேசியிருக்கக் கூடாதா என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

குழாய்க்குள் காற்று

இவர் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். பிறகு கீழே படுத்துப் பார்த்தார். எழுந்தபோது விரல் நுனியில் எண்ணெய்.

"சிலிண்டர் ரப்பர் போயிருச்சு. ஆயில் ஒழுகி, ஏர் புடிச்சிருச்சு," என்றார்.

கடைக்காரர் பெண்டாட்டிக்கு இவ்வளவுகூடப் புரியாமல் இருக்குமா? கிளட்ச் பெடலிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் மெல்லிய குழாய் ஒன்று போகிறது. அதற்குள் எண்ணெய். இந்த முனையில் அமுக்கினால் எண்ணெய் சுருங்காமல் அந்த முனையில் தள்ளும். காற்று புகுந்துவிட்டால் அது தான் சுருங்கிக்கொண்டு நம் கால் பலத்தை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியே எடுப்பதற்குத்தான் ஏர் எடுப்பது என்று பெயர்.

"கிளட்ச் இல்லாம ஓட்டிப் போக மாட்டீங்களா?" என்று கேட்டேன். சமதளத்தில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்திருக்கிறேன்.

அதையும் செய்து பார்த்தார். முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் முனகியது. ஜீப் ஒரு முழம் முன்னே போய், கல்லின் மேல் சரிந்து வந்து உட்கார்ந்தது. என் பக்கம் பள்ளம். இரண்டாவது தடவை முயற்சி செய்ய வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

பின் சீட்டுக்குக் கீழே கைவிட்டு ஒரு டின்னை எடுத்தார். பிரேக் ஆயில். கிளட்சுக்கும் அதே எண்ணெய்தான். மூடி திறந்த டின், ஆட்டிப் பார்த்தார், பாதிக்கும் கீழே சலசலத்தது.

பிரேக் ஆயில் டின்னைத் திறந்து வைக்கக் கூடாது, அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே இரும்பும் ரப்பரும் கெட்டுப்போகும். இதை இவர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் அஸர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"இது ஒருத்தர் செய்யற வேலை இல்ல," என்றார். "நீ டிரைவர் சீட்டுல உக்காரு."

அமுத்து, புடி, விடு

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எனக்கு உயரம் போதாது. சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதி நின்ற மாதிரி இருந்தால்தான் கால் பெடலுக்கு எட்டியது. முன்னால் தூக்கி நிறுத்திய பானெட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. புர்காவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

இவர் ஸ்பேனருடன் வண்டிக்குக் கீழே போய்விட்டார். குரல் மட்டும் வந்தது.

"நான் சொல்லும்போது அமுத்து, விடு, அமுத்து, விடு. 'புடி'ன்னா அமுத்தி அப்படியே புடிச்சுக்கோ. நான் இங்க காத்து வெளிய போற நிப்பிளைத் தெறப்பேன். பெடல் தானா கீழ போகும், பயந்துக்காத. மூடுனதுக்கு அப்பறம் 'விடு'ன்னு சொல்லுவேன். அதுக்கு முந்தி விட்டீன்னா உள்ள போற காத்து வெளிய வந்ததைவிட ஜாஸ்தியாயிரும்."

"சரிங்க."

"டின்னுல கொஞ்சம்தான் இருக்குது."

"தெரியுதுங்க."

போனை இடது பக்க ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தேன். அந்தச் சுரத்தில் ஒரே ஒரு கோடு சிக்னல் அந்த இடத்தில் மட்டும்தான் வந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினால் போய்விடும். எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது.

ஆரம்பித்தோம். அமுத்து என்றார், அமுத்தினேன். முதலில் பெடல் கால் பட்டதே தெரியாமல் போய்வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்குக் கீழே ஏதோ ஒன்று எதிர்ப்பது தெரிந்தது. புடி என்றார், பிடித்தேன். கீழே புஸ்ஸென்று ஒரு சத்தம், எண்ணெய் தார்ச்சாலையில் விழுந்து தெறித்தது. விடு என்றார், விட்டேன். அவர் வெளியே ஊர்ந்து வந்து, பானெட்டுக்குள் இருக்கிற கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பவும் கீழே போனார். தாடியெல்லாம் எண்ணெய். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். மூன்றே மூன்று சொல்தான். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

அடுத்த தடவை நான் பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் மணி அடித்தது.

மதினி. திரையில் பெயர் தெரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. இடது பக்கம் சாய்ந்து கையை நீட்டினேன். விரல் போனைத் தொட்டது, போன் நழுவிச் சீட்டில் விழுந்தது, சிக்னல் போய் மணி நின்றது. கால் பெடலை விட்டு வந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கீழே ஸ்பேனரை வைக்கிற சத்தம் கேட்டது.

"விட்டுட்டியா?" என்றார்.

"மதினி கூப்பிட்டாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளியே வந்தார், டின்னைக் கவிழ்த்துக் கிண்ணத்தில் ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும் என்று வெகுநேரம் கவிழ்த்தே வைத்திருந்தார்.

"கடையில நான் ஒருத்தருக்கும் தெறந்த டின்னைக் குடுத்ததில்ல மைமூன்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு, "இதுதான் கடைசி. இதுலயும் காத்துப் போச்சுன்னா நாம போய்ச் சேர மாட்டோம்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

நான் போனை எடுத்து ஜன்னல் ஓரத்தில் நீட்டி மதினியைத் திருப்பி அழைத்துப் பார்த்தேன். நீங்கள் அழைப்பவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது. எல்லைக்கு வெளியே இருந்தது நான். போனைத் திரும்ப ஜன்னல் ஓரத்தில் அதே இடத்தில் சாய்த்து வைத்தேன்.

அமுத்து. விடு. அமுத்து. விடு. புடி.

பிடித்தேன். திரும்பவும் மணி அடித்தது.

மதினி எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் நிறுத்தி வை என்று நான் சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அத்தனை ஆண்களிடமும் மல்லுக்கட்டி நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். போனை எடுத்தால் அந்த வார்த்தையைச் சொல்லலாம். ஆனால் கால் விட்டுப்போகும், அப்புறம் அவள் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் நான் போய்ச் சேரப்போவதில்லை.

நான் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையில் அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. கீழே எண்ணெய் பீய்ச்சும் சத்தம், பிறகு நிப்பிளை முறுக்கும் சத்தம்.

"விடு," என்றார்.

இப்படியே இன்னும் சில தடவை. போன் அப்புறம் அடிக்கவில்லை. கடைசியில் பெடல் என் காலை எதிர்த்து நின்றது, அமுத்தினால் முறைப்பாகத் திரும்பி வந்தது. கிண்ணத்தில் அடி மட்டும்தான் எண்ணெய் மிஞ்சியிருந்தது.

"ஒழுக்கு நிக்காது. அகளி வரைக்கும் தாங்கும்," என்றார். கல்லைக்கூட எடுத்து ஓரமாகப் போடாமல் வண்டியை எடுத்தார். இறங்கி வருகிறவர்கள் யாராவது அதில் மோதக்கூடாதே என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது, நான் சொல்லவில்லை.

அகளிச் சாலை

சுரம் ஏறி முக்காலி என்ற ஊரைத் தாண்டியதும் சிக்னல் வந்தது. மதினியை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அன்வரை அழைத்தேன். அணைத்து வைத்திருந்தான். மையத்தைத் தூக்கும்போதுதான் மகன் போனை அணைப்பான் என்று எனக்குத் தெரியாதா? இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

அகளி ஊருக்குள் நுழையும் இடத்தில் அவர்கள் எதிரே வந்தார்கள்.

முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். நடுவில் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு. கலிமா சொல்லிக்கொண்டே வந்தார்கள், வேகமாக, மழைக்கு முந்திக்கொண்டு. ஹர்த்தாலுக்கு மூடிய கடைகளுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். இவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தி இறங்கினார். நானும் இறங்கிச் சாலையோரத்தில் நின்றேன், மற்றவர்களைப் போல.

முன் கம்பைத் தோளில் வைத்திருந்த அன்வர் என்னைப் பார்த்தான். அவன் நடை ஒரு கணம் தயங்கியது. பின்னால் இருந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள், அவன் நடந்துவிட்டான். தோளில் ஏற்றியதை நடுச்சாலையில் இறக்கி வைக்கச் சொல்லி நான் எப்படிக் கேட்பேன்? என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அண்ணன் போனார். பச்சைத் துணியின் ஓரம் காற்றில் படபடத்தது.

இவர் எண்ணெய்ச் சட்டையோடு ஓடிப்போய்ப் பின் கம்புக்குத் தோள் கொடுத்தார். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்குள் வளைவு வந்துவிட்டது.

நான் நடந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கட்டிலை ஒட்டி ஊதுபத்திச் சாம்பல் கிடந்தது. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. வெள்ளைச் சேலையில் மதினி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"போன் எடுக்கலையே பாப்பா," என்றாள். "எத்தனை தடவ கூப்பிட்டேன். அஸர் தொழுது முடிச்சு எல்லாரும் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. சொரத்துல உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன். மையத்த எடுக்கட்டுமான்னு அவங்க கேட்டாங்க. மழையும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான்தான் சரின்னுட்டேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வந்தது. இவர் மேலும், அந்தப் பாழாய்ப்போன டின் மேலும் வந்தது. அப்புறம் அவள் கையைப் பிடித்தேன். அது சில்லென்று இருந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அந்த நாள் முழுக்க எனக்காகவும் ஊரோடு வாதாடிக்கொண்டிருந்த கை அது. நான் அவளிடம் என்ன கோபித்துக்கொள்வது?

"பெடலைப் புடிச்சுட்டு இருந்தேன் மதினி," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

இவர் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பின்வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சட்டையில் எண்ணெய் இருந்த இடமெல்லாம் செம்மண் அப்பியிருந்தது.

"பள்ளிவாசல்ல கேட்டேன், தங்கச்சி ஒரு தடவ பார்க்கட்டும்னு. மழை வந்துருச்சு, தொழுகைக்கு நின்னுட்டாங்க," என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அப்பறம் நான் கபருக்குள்ள எறங்கிட்டேன். அன்வரும் நானும். வலப்பக்கமாச் சாய்ச்சு வெச்சு, முகத்துத் துணிய வெலக்குனோம்." நிறுத்தி, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட வந்து சொல்லணும்னு நல்லாப் பார்த்தேன். நெத்தியில சுருக்கம் இல்ல. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. வாயும் மூடியிருந்துச்சு. தாடிய யாரோ சீவி விட்டிருந்தாங்க. எடப்பக்கம் காதுக்குக் கீழ துளியூண்டு பஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்பறம்?"

"எடுத்துட்டேன்."

ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதர். சிரித்த முகமாக இருந்தார், தூங்குகிற மாதிரி இருந்தார் என்று யாரும் சொல்வதை அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவ்வளவையும் நான் அப்படியே நம்பினேன். அந்த வாசல்படியில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக அழுதேன்.

இப்போது அண்ணனை நினைத்தால் எத்தனையோ வயதின் முகங்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில் நான் பார்க்காத அந்த முகமும் வருகிறது. காதுக்குக் கீழே ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்ட, சுத்தமான முகம்.